டிசம்பர் ஆட்டத்துக் கைப்பட்டை

வந்திருந்தவர்கள்:

அருட்தந்தை ஜெரோம் வாஸ், கல்லூரிச் செயலர்.
முனைவர் எமரென்சியா, முதல்வர்.
திரு. கஜேத்தான் மோத்தா, பொருளாளர். ஊரில் மூன்று ஐஸ் கம்பெனிகளுக்கு முதலாளி.
பேராசிரியர்கள் இருவர். வழக்கம்போல் பேசவில்லை.
திரு. பர்னபாஸ், பழைய மாணவர் சங்கம். வழக்கம்போல் பேசினார்.
செல்வி தாரணிகா, எட்டுக் கல்லூரிச் சங்கத்தின் பிரதிநிதி.
திருமதி ரோசிட்டா கொரேரா, உடற்கல்வி இயக்குநர்.
தராசு, மென்பொருள். நாற்காலி தேவைப்படவில்லை.

கூட்டக் குறிப்பேட்டில் இந்தப் பட்டியலை எழுதியவள் ரோசிட்டா. அந்த ‘வழக்கம்போல்’களையும் நாற்காலியையும் மட்டும் எழுதாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டாள். தூத்துக்குடி புனித எல்மோ கல்லூரியின் ஆட்சிக்குழு கூடினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். இன்றைக்கு ஒருவர் பாக்கியில்லை. மேசை நடுவில் ஒரு தட்டு மக்ரூன் வேறு. கூரை ஒழுகுகிற கல்லூரி, நாலு மாதமாகப் பாதிச் சம்பளம் போடுகிற கல்லூரி, மக்ரூன் வாங்கி வைக்கிறது என்றால் வந்திருப்பது லேசுப்பட்ட விருந்தாளி இல்லை.

விருந்தாளிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கோயம்புத்தூர்க்காரி. சுற்றி வளைக்கவில்லை.

“வருசத்துக்கு நாப்பது கோடிங்க. அஞ்சு வருசத்துக்கு.”

பர்னபாஸின் வாயில் போன மக்ரூன் பாதியில் நின்றது.

இந்தியா முழுக்க வலைவீசி எட்டே எட்டுக் கல்லூரிக் கால்பந்து அணிகளைப் பொறுக்கி, ஒரு சங்கமாகக் கட்டி, ஒளிபரப்பு உரிமையை மொத்தமாக விற்கிறார்கள். குவாஹாட்டி, ஷில்லாங், கோவா, கோழிக்கோடு என்று ஏழு இடம் நிரம்பிவிட்டது. எட்டாவது நாற்காலிக்குத்தான் தாரணிகா விமானம் ஏறி வந்திருந்தாள்.

ரோசிட்டாவுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “போன வருசம் பன்னெண்டு ஆட்டத்துல ஒம்பது தோத்திருக்கோம். எங்கள எதுக்குத் தேடி வந்தீங்க?”

“ஜெயிக்கிறதை யாருங்க மேடம் காசு குடுத்து வாங்குறாங்க? உங்க ஆளுங்க நெஞ்சு அடிக்குதுல்ல, அதைத்தான் வாங்குறாங்க.” அவள் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். “இந்தப் பட்டை.”

மூன்று வருடமாக மைதானத்தில் டிக்கெட் கிடையாது. இலவசம். வாசலில் ஒரு கைப்பட்டை கொடுப்பார்கள். எல்மோவுக்கு நீலம், எதிர்க் கல்லூரிக்கு அதன் நிறம். பெயரையும் எண்ணையும் பதிந்து கொடுத்துவிட்டால் அது நிரந்தரமாக உங்களுடையது. வீட்டிலிருந்து போனில் ஆட்டம் பார்த்தாலும் எண்ணும். நெஞ்சு எத்தனை முறை அடிக்கிறது, அது பயத்தில் அடிக்கிறதா சந்தோஷத்தில் அடிக்கிறதா என்பதைத் தோலின் ஈரத்தை வைத்துச் சொல்லிவிடும். நிமிடத்துக்கு நூறுக்கு மேல் போகிற ஒவ்வொரு துடிப்புக்கும் விளம்பரக் கம்பெனி காசு கொடுக்கும். எந்தக் கல்லூரியை எதோடு மோதவிட்டால் நாட்டில் அதிகத் துடிப்பு கிடைக்கும் என்று நிறுத்துப் பார்ப்பதுதான் தராசின் வேலை.

“முன்னெல்லாம் எத்தனை பேரு பாக்குறாங்கன்னு எண்ணுனாங்க. டிவியப் போட்டுட்டுத் தூங்குறவனும் அதுல வந்துருவான். இதுல தூங்க முடியாதுங்க,” என்றாள் தாரணிகா.

நிபந்தனைகளையும் அதே வேகத்தில் சொன்னாள். எட்டில் சேர்ந்த அணி வெளியணி எதோடும் ஆடக் கூடாது. ஆடினால் துடிப்பை ஓசியில் கொடுத்த மாதிரி. பதினேழாவது விதிப்படி, எட்டின் பயிற்சியாளர் வெளியணிப் பயிற்சியாளர் யாரோடும் ஒரே கூரையின் கீழ் தங்கக் கூடாது. ரகசியம் கசியும்.

பர்னபாஸ் சிரித்துவிட்டார். “அப்ப நம்ம பி.டி. மேடம் வீட்டுக்காரரை எங்கன கொண்டு போடுறதும்மா? மொட்டை மாடியிலயா?”

எல்லாரும் சிரித்தார்கள். ரோசிட்டாவின் கணவன் இசக்கித்துரை, ஊரின் மறுகோடியில் இருக்கும் உப்பளத் தொழிலாளர் கல்லூரியின் பயிற்சியாளன். உப்புக் காலேஜ் என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும்.

“டிசம்பர் ஆட்டம்?” என்று கேட்டாள் ரோசிட்டா. அவள் சிரிக்கவில்லை.

“அது இனி இருக்காதுங்க மேடம்.”

எல்மோவும் உப்புக் காலேஜும் வருடா வருடம் டிசம்பரில் மோதும் ஆட்டம் அது. அன்றைக்கு ஊரில் மீன் ஏலம்கூட மதியத்தோடு முடிந்துவிடும். தென்கடல் வட்டம் என்று ஆறு கல்லூரிகள் சேர்ந்து நடத்திய போட்டியில் மிச்சமிருந்த ஒரே நல்ல ஆட்டம். நாகர்கோவில் பக்கத்து அணி இரண்டு வருடத்துக்கு முன் கேரளத்துச் சங்கம் ஒன்றுக்குத் தாவியது. இன்னொன்று அணியையே கலைத்தது. எல்மோவும் போனால் உப்புக் காலேஜுக்கு ஆட ஆள் இல்லை. ஆட ஆள் இல்லாத அணிக்கு அந்தக் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளை காசு தராது. விளையாட்டு ஒதுக்கீட்டில் படிக்கும் இருபத்திரண்டு பையன்களும் இசக்கித்துரையும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இதை ரோசிட்டா விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை.

தாரணிகா திரையை விரித்தாள். போன டிசம்பர் ஆட்டம். நீலக் கோடு ஒன்று, வெள்ளைக் கோடு ஒன்று.

“இதப் பாருங்க. உங்க நீலப் பட்டை சராசரி நூத்தி முப்பத்தெட்டு. உப்புக் காலேஜு வெள்ளை எண்பத்தாறுதான். இதுல விசேசம் என்னன்னா, எழுபத்தொண்ணாவது நிமிசம். உப்புக் காலேஜு கோல் போட்டு ஒண்ணுக்கு ஒண்ணு ஆக்குனாங்க. அப்ப உங்க ஆளுங்க நெஞ்சு நூத்தி அம்பதைத் தாண்டுது. அதுவும் சந்தோசத்துல!” தாரணிகாவின் குரலில் நிஜமான மரியாதை இருந்தது. “எதிர் டீம் கோல் போட்டாலும் மகிழ்ற கூட்டத்தைத் தராசு இதுவரைக்கும் பாத்ததே இல்லைங்க. இதுக்குத் ‘தூய ரசனை’ன்னு தனியா ஒரு பேரே வச்சிருக்கு.”

அருட்தந்தை வாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நம்முடைய விழுமியக் கல்வி,” என்றார். முதல்வர் எமரென்சியா அதை அப்படியே எழுதிக்கொண்டார். தர மதிப்பீட்டுக் குழு வரும்போது உதவும்.

ரோசிட்டாவுக்குத் தொண்டை வரை சிரிப்பு வந்துவிட்டது. தூத்துக்குடிக்காரனுக்குப் பெருந்தன்மை! நடுவர் த்ரோ மாற்றிக் கொடுத்தால் அவர் குடும்பத்தின் நாலு தலைமுறையை இழுக்கிற கூட்டம். உப்புக் காலேஜ் கோல் போட்டால் மகிழ்கிறவன் உப்புக் காலேஜ்காரனாகத்தான்...

சிரிப்பு அங்கேயே நின்றது.

எதிரே பொருளாளர் கஜேத்தான் மோத்தா மக்ரூனுக்குக் கை நீட்டியிருந்தார். சட்டைக் கை மேலேறி, மணிக்கட்டில் ஒரு பட்டை தெரிந்தது. வெள்ளைப் பட்டை. ரோசிட்டா பார்ப்பதை அவர் பார்த்தார். மக்ரூனை எடுக்காமலே கையை இழுத்து, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

விஷயம் இதுதான். இந்த ஊரில் டிசம்பர் ஆட்டத்துக்குப் போகிறவன் எதிர்க் கல்லூரியில் ஒருவனைப் பிடித்துத் துண்டு மாற்றிக்கொள்வான். மைத்துனனாக இருக்கலாம், கூட வேலை பார்க்கிறவனாக இருக்கலாம். எல்மோக்காரன் கழுத்தில் வெள்ளைத் துண்டு, உப்புக் காலேஜ்காரன் கழுத்தில் நீலத் துண்டு. ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணிக்காரன் ஜெயித்தவனுக்குப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் துண்டு கைமாறும். ஆட்டம் சமமானால் பரோட்டா கிடையாது, துண்டும் கிடையாது. அடுத்த டிசம்பர் வரை அவனவன் எதிரியின் துண்டோடு அலைய வேண்டும். அப்பாமார் காலத்துப் பழக்கம்.

பட்டை வந்த வருடம் துண்டு போய்ப் பட்டை மாற்ற ஆரம்பித்தார்கள். தோளில் கிடந்தது கைக்கு இறங்கியது, அவ்வளவுதான். யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. மூன்று வருடமாகத் தராசு நீலம் என்று நிறுத்தது அத்தனையும் உப்பளத்துக்காரர்களின் நெஞ்சு. எண்பத்தாறுதான் எல்மோ. அதுவும் சரியாகத்தான் இருந்தது. எல்மோக்காரர்கள் ஆட்டத்துக்கு வருவதே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க.

அந்த அறையிலிருந்த ஊர்க்காரர்கள் ஏழு பேரும் பட்டை மாற்றியவர்கள். ரோசிட்டாவின் கையிலும் வெள்ளைதான். யாரும் வாயைத் திறக்கவில்லை.

“ஒரே ஒரு கையெழுத்துங்க,” என்றாள் தாரணிகா. “இந்தத் துடிப்பெல்லாம் எங்க காலேஜு ஆளுங்களோடதுதான்னு உடற்கல்வி இயக்குநர் உறுதி குடுக்கணும். வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் நேரம் இருக்குதுங்க.”

எல்லாத் தலையும் ரோசிட்டா பக்கம் திரும்பியது. பேசாத பேராசிரியர்கள் உட்பட.

*

இசக்கித்துரை சீலா மீன் குழம்பு வைத்திருந்தான். செவ்வாய்க்கிழமை அவன் சமையல். உப்பளத்தில் வெயில் தின்று வளர்ந்த உடம்பு. அந்த நாளிலிருந்து முழுக்கைச் சட்டை இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை, அடுப்படியிலும்தான்.

அவள் கதையைச் சொல்லி முடித்ததும் அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தான்.

“தூய ரசனை! ஏட்டி, உங்க கஜேத்தானுக்குத் தூய ரசனையா? போன ஆட்டத்துல லைன்ஸ்மேன் மேல செருப்பத் தூக்கி எறிஞ்ச ஆளு!”

“சிரிச்சு முடிச்சிட்டன்னா சொல்லு. என்ன செய்யட்டும்?”

“என்னத்த செய்ய? கையெழுத்துப் போடு.”

“போட்டா ஒன் டீமு காலி.”

“தெரியும்.”

“இருபத்திரெண்டு பையங்க.”

“அதுவும் தெரியும். பாதிப் பேருக்குப் படிப்பு முடியப் போவுது. மிச்சத்த நீ எடுத்துக்க. ஒனக்குத்தான் இனி ரூவா கொட்டுதே.” அவன் குழம்பை இறக்கினான். “ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம் ஒழுங்கா வந்தாப் போதும் ரோசி. ரெண்டு பேரும் அரைச் சம்பளம் வாங்கிட்டு இருக்கிறதுக்கு அது மேல்.”

“அது ஓங்க ஆளுக நெஞ்சு இசக்கி. அத எங்க பேர்ல வித்துத் திங்கச் சொல்லுதியா?”

“நெஞ்சு எவன் பேர்ல அடிச்சா என்ன? அடிக்கிறவனுக்குத் தெரியுமா?”

“தராசுக்குத் தெரியும். இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு. நாங்க குவாஹாட்டியோட ஆடும்போது எங்க ஆளுக எழுபதுல உக்காந்திருப்பாங்க. மொத வருசமே கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிருவாங்க. அப்ப எட்டும் இல்ல, வட்டமும் இல்ல. ரெண்டு பேரு டீமும் போயிரும்.”

“அப்ப உண்மையச் சொன்னா?”

உண்மையைச் சொன்னால் தராசு தட்டை மாற்றும். எட்டாவது நாற்காலி உப்புக் காலேஜுக்குப் போகும். எல்மோ அணி கலையும். கலைகிற அணி அவளுடையது. பதினாலு வருடம் விசில் ஊதி வளர்த்த அணி.

இசக்கித்துரைக்கும் அது இப்போதுதான் உறைத்தது. அவன் முகத்தில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஆசை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அவள் பார்த்துவிட்டாள். பதினோரு வருடம் கூட வாழ்ந்தவளுக்குப் பட்டை எதற்கு?

“சொல்லாத,” என்றான் அவன் அவசரமாக. “சோத்தப் போடு.”

*

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அதே அறை, அதே ஆட்கள். மக்ரூன் இல்லை. ரோசிட்டா கையை மேசைமேல் வைத்து, சட்டைக் கையைச் சுருட்டி, வெள்ளைப் பட்டையைக் காட்டினாள். துண்டு, பரோட்டா, சால்னா எல்லாவற்றையும் சொன்னாள். யார் பெயரையும் இழுக்கவில்லை. இழுக்க வேண்டியும் இருக்கவில்லை, கஜேத்தான் மோத்தா இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே வைத்திருந்தார்.

தாரணிகா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, “பரோட்டாவுக்காகவா?” என்றாள்.

“பரோட்டாவுக்காக இல்ல. வாங்கிக் குடுக்கிறவன் மூஞ்சியப் பாக்கிறதுக்காக.”

தாரணிகா வெளியே போய்ப் போன் பேசினாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். தராசுக்கு வருத்தம் கிடையாது, வெட்கம் கிடையாது. நீலத்தை வெள்ளை என்று வைத்து மறுபடி நிறுத்து, விடையைச் சொல்லிவிட்டது. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, “உப்புக் காலேஜுக்கு எப்படிங்க போறது?” என்று கேட்டாள்.

பர்னபாஸ்தான் வழி சொன்னார். பழக்கதோஷம்.

அவள் போன பிறகு அருட்தந்தை வாஸ், “உண்மையைச் சொன்னதற்கு நன்றி, ரோசிட்டா,” என்றார். சோற்றில் கல்லைக் கடித்தவர் குரலில் சொன்னார். முதல்வர் எமரென்சியா குறிப்பேட்டில் ‘விழுமியக் கல்வி’ என்று எழுதியிருந்த வரியை அடித்தார். உலகத்தில் அதை அடிக்கக் கூடாத நாள் ஒன்று உண்டென்றால் அது அன்றுதான்.

உப்புக் காலேஜ் மூன்று ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டது. பத்து நிமிடம் மிச்சம் வைத்து.

ஒரு வாரத்தில் எல்லாம் நடந்தது. உப்புக் காலேஜ் வளாகத்தில் முகாம் போட்டார்கள். ஊரே வரிசையில் நின்று அவனவன் பட்டையை அவனவன் வாங்கிக்கொண்டது. பரோட்டா இல்லாமல் பட்டை திரும்பியது அதுதான் முதல்முறை. முகாமை மேற்பார்வை பார்த்து ஒவ்வொரு பெயராக டிக் போட்டவன் பயிற்சியாளர் இசக்கித்துரை. டிக் போடுகிறவன் கையை யார் பார்ப்பார்கள்? எல்மோ அணி கலைக்கப்பட்டது. ரோசிட்டாவின் பையன்களில் ஏழு பேரை உப்புக் காலேஜ் இழுத்துக்கொண்டது. அணித்தலைவன் டெல்வின் வந்து, “மிஸ், அங்க கறி போடுதாங்களாம்,” என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே போனான். மிச்சமிருந்தவர்களில் மூன்று பேர் படிப்பை விட்டுவிட்டுப் படகு ஏறினார்கள். ரோசிட்டாவைக் கல்லூரி விலக்கவில்லை. காலையில் மாணவிகளுக்கு யோகா வகுப்பு எடுக்கச் சொன்னது.

அணி கலைந்தாலும் சங்கத்தின் பட்டியலில் ரோசிட்டா இன்னும் வெளியணிப் பயிற்சியாளர்தான். பதினேழாவது விதிப்படி இசக்கித்துரைக்கு ஓட்டலில் அறை. பெட்டியோடு வாசலில் நின்றான். ஆட்டோ தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“கோவமா?”

“கோவப்பட என்ன இருக்கு? நாந்தான சொன்னேன்.”

“வேண்டாம்னு சொல்லிரட்டுமா? இப்பமே போன் போட்டு...”

“எப்பா, நடிக்காத. அன்னிக்கு அடுப்படியிலயே ஒம் மூஞ்சியப் பாத்துட்டேன்.”

அவன் சிரிக்கப் பார்த்தான். சரியாக வரவில்லை. சட்டைக் கையை மேலேற்றினான். உள்ளே நீலப் பட்டை.

“இத மாத்தணும் ரோசி. சட்டப்படி.”

“எந்தச் சட்டப்படி? ஆட்டம் ஒண்ணுக்கு ஒண்ணு. அடுத்த ஆட்டம் வரைக்கும் மாத்தக் கூடாது.”

“அடுத்த ஆட்டம் எங்க இருக்கு?”

“அதத்தான் நானும் கேக்கேன்,” என்றாள். ஹாரன் மறுபடி அடித்தது. அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போனான்.

*

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை காலை, தாரணிகா எல்மோ கல்லூரியின் விளையாட்டுப் பொருள் அறைக்கு வந்தாள். ரோசிட்டா யோகா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் காற்று இறங்கிய பந்துகள் ஒரு வலைக்குள் குவிந்து கிடந்தன.

“உக்காருங்க. பாய்தான் இருக்கு.”

தாரணிகா பாய்ச்சுருள்மேல் உட்கார்ந்தாள். இரண்டு மாதத்தில் அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“மேடம், சனிக்கிழமை குவாஹாட்டியோட மொத ஆட்டம் பாத்தீங்களா?”

“யோகா கிளாஸ் இருந்துது.”

“நல்லதாப் போச்சு. பாக்குற மாதிரி இல்லைங்க. உப்புக் காலேஜு மூணு கோல்ல ஜெயிச்சுது. கூட்டத்தோட துடிப்பு எத்தனை தெரியுங்களா? எழுபத்தொம்பது. மூணு கோலு! ரேசன் கடை வரிசைல நிக்கிறவன் நெஞ்சே எண்பத்திரெண்டு அடிக்குமுங்க. ஒருத்தரு கடலை உரிச்சுட்டு இருந்தாரு. என்னங்க ஆச்சு உங்க ஊருக்கு?”

“குவாஹாட்டிக்காரன் எங்களுக்கு என்ன செஞ்சான்? அவன் தோத்தா எங்களுக்கு என்ன? அவன் வீட்டுக்குப் போய்க் கேலி பண்ண முடியுமா?”

“தராசும் அதேதான் சொல்லுது. அதான் உங்ககிட்ட வந்தேன்.” தாரணிகா பையிலிருந்து காகிதம் ஒன்றை எடுத்தாள். “உங்க காலேஜு ஆளுங்க அறுநூறு பேரு வேணுமுங்க. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து எதிர்ப்பக்கம் உக்காரணும். உப்புக் காலேஜுக்காரங்களோட பட்டை மாத்திக்கணும், பழையபடியே. இந்தத் தடவை எங்க மென்பொருள் சரியாப் பிரிச்சு எண்ணிக்கும். ஆளுக்கு ஐந்நூறு ரூபா. பரோட்டாச் செலவும் எங்களோடது.”

ரோசிட்டா பாயைச் சுருட்டுவதை நிறுத்தினாள். “பரோட்டா நீங்க வாங்கித் தருவீங்களா?”

“ஆமாங்க.”

“தோத்தவனுக்கும் ஜெயிச்சவனுக்கும்?”

“எல்லாருக்குந்தானுங்க.”

“அது பேரு கல்யாண வீடு.” ரோசிட்டா பாயைத் தூக்கி அலமாரியில் அடுக்கினாள். “எங்க ஆளு தோக்கணும்னா எங்க டீமு ஆடணும்ல? டீமே இல்லாதவன் எதுல தோப்பான்? எங்களையும் ஆட விடுங்க. டிசம்பர்ல ஒரே ஒரு ஆட்டம். ஒரு பைசா வேண்டாம்.”

“விதி இருக்குதுங்களே.”

“அப்ப விதிய வச்சுக்கிட்டு அடிக்கச் சொல்லுங்க நெஞ்ச.”

தாரணிகா கோபப்படவில்லை. காகிதத்தை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். “மூணு ஆட்டத்துல சராசரி நூறைத் தொடலைன்னா ஒப்பந்தம் ரத்துங்க. சனிக்கிழமையே மேலிடத்துல முடிச்சுக்கலாம்னுட்டாங்க. ஒரே ஒருத்தரு பேரைச் சொல்லித்தான் இன்னும் ரெண்டு ஆட்டம் கெஞ்சி வாங்கியிருக்கேன்.”

“யாரு?”

“உங்க வீட்டுக்காரருதானுங்க. தராசே அசந்துபோச்சு. பயிற்சியாளர் இசக்கித்துரை, ஆட்டம் பூரா நூத்தி நாப்பது. மொத கோலுக்கு நூத்தி அறுபத்தெட்டு. இவ்வளவு நெஞ்சு உள்ள ஆளு இருக்கிற காலேஜு சீக்கிரம் கூட்டத்தையும் சூடாக்கிரும்னு தராசு எழுதிக் குடுத்திருக்கு.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு ஒண்ணுதான் புரியலை மேடம். காமிரால பாத்தா மனுசன் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. கோல் விழுந்தப்ப எந்திரிக்கவே இல்லை. சட்டைக் கையை இழுத்து விட்டுட்டு, வாசலைப் பாத்துட்டே இருந்தாரு. உள்ளுக்குள்ள எப்படிங்க அவ்வளவு அடிக்கும்?”

சனிக்கிழமை மதியம் யோகா வகுப்பு எதுவும் இருக்கவில்லை. ரோசிட்டா இதே அறையில், பாய்க் கட்டின்மேல் ஏறி நின்று, பந்து அலமாரியில் சாய்த்து வைத்த போனைப் பார்த்து, “ரைட்டுல போடுல! ரைட்டுல ஆளு நிக்கான் பாரு!” என்று தொண்டை கட்டும் வரை கத்திக்கொண்டிருந்தாள். முதல் கோலைப் போட்டது டெல்வின். அவள் பாய்க் கட்டோடு கீழே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள்.

இப்போது அந்த முழங்கை எரிந்தது. ரோசிட்டா சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்து, வெள்ளைப் பட்டையை மறைத்துப் பொத்தானைப் போட்டாள். பட்டையின் உள்பக்கத்தில் இசக்கித்துரையின் பெயரும் எண்ணும் இருந்தன. மூன்று வாரமாக அவனிடமிருந்து ஒரு போன் கிடையாது. அவளும் பேசவில்லை.

“உள்ளுக்குள்ள அடிக்கிறவங்க இருக்காங்க,” என்றாள். “வெளிய தெரியாது.”

“அவரு கைவிட்டுட்டாருன்னா நான் ஊருக்குப் போக வேண்டியதுதானுங்க. உப்புக் காலேஜு டீமும் அவ்வளவுதான்.”

“அடுத்த ஆட்டம் என்னிக்கு?”

“இந்தச் சனிக்கிழமை மூணரைக்கு. ஷில்லாங்கோட. வர்றீங்களா மேடம்?”

“எனக்கு யோகா கிளாஸ்.”

தாரணிகா எழுந்து, பின்னால் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, காகிதத்தை எதற்கும் இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். ரோசிட்டா வாசல் வரை வந்து, அவள் கண்ணுக்கு மறையும் வரை நின்று பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை மூணரைக்கு அது சரியாக விழ வேண்டும்.